அமெரிக்க மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஜெர்மன் தட்டச்சு: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இந்தியாவில் விற்கப்படும் மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை ஆன்சி எனப்படும் அமெரிக்க அமைப்பைக் கொண்டவை. படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஜெர்மனிக்குச் செல்பவர்கள், விரலுக்குப் பழகிய அந்தப் பலகையை விட்டுவிட மனமின்றிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது வழக்கம். அங்கே பயன்படும் பலகைகளோ டின் 2137 என்ற ஜெர்மானியத் தரத்தைப் பின்பற்றுபவை. அவற்றின் உடலமைப்பு ஐஎஸ்ஓ வகையைச் சேர்ந்தது. முழு அளவுப் பலகையில் அமெரிக்க வகைக்கு 104 விசைகள், ஐஎஸ்ஓ வகைக்கு 105 விசைகள். இந்த ஒரு விசை வித்தியாசமும், எழுத்துகளின் இடமாற்றமும் சேர்ந்துதான் கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம். பலகையை மாற்றாமலே அநேகமாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஓர் அடிப்படை. விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதற்கான எண்ணை மட்டுமே அது அனுப்புகிறது. அந்த எண்ணை எந்த எழுத்தாகக் கொள்வது என்பதை இயங்குதளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள விசை அமைப்பே முடிவு செய்கிறது. விசையின் தலையில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஆகவே கோளாறு எதுவாயினும், அது பலகையின் உடலிலா, பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிலா, இயங்குதள அமைப்பிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெறும் உரைத் திருத்தி ஒன்றைத் திறந்து, 0-வுக்கு வலப்புறமுள்ள விசை, பி-க்கு வலப்புறமுள்ள விசை, எல்-க்கு வலப்புறமுள்ள இரண்டு விசைகள் ஆகிய நான்கையும் அதே வரிசையில் அழுத்துங்கள். எஸ்ஸெட் (ß), யூ-உம்லாவுட் (ü), ஓ-உம்லாவுட் (ö), ஏ-உம்லாவுட் (ä) என நான்கும் வந்தால் ஜெர்மன் அமைப்பு இயங்குகிறது. இடைக்கோடு, சதுர அடைப்பு, அரைப்புள்ளி, மேற்கோள் ஆகியவை வந்தால் அமெரிக்க அமைப்பு இயங்குகிறது. முதல் மூன்றும் வந்து மேற்கோள் மட்டும் திரையில் தோன்றாமல் நின்றால், பெரும்பாலும் அது யூஎஸ்-இன்டர்நேஷனல் அமைப்பு. விண்டோஸ் பயன்படுத்துவோர் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரை விசைப்பலகையைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். எந்த விசை எந்த எழுத்தாகப் படிக்கப்படுகிறது என்பது அதில் அப்படியே தெரியும்.

அறிகுறி: உம்லாவுட் எழுத்துகளும் எஸ்ஸெட்டும் வரவே இல்லை

மேற்கண்ட சோதனையில் அமெரிக்க அமைப்பு இயங்குவதாகத் தெரிந்தால், இது கோளாறே அல்ல. ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. வழிகள் இரண்டு.

முதல் வழி, இயங்குதளத்தில் ஜெர்மன் அமைப்பைச் சேர்த்துவிட்டு, விசைத்தலையில் அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் தட்டப் பழகுவது. நான்கு சிறப்பு எழுத்துகளுக்கும் தனித்தனி விசை கிடைப்பதால் நீண்ட ஜெர்மன் உரைகளை எழுதுவோருக்கு இதுவே வேகமானது. அலுவலகத்திலோ நூலகத்திலோ பிறருடைய கணினியில் உட்காரும்போதும் விரல்கள் தடுமாறாது. ஆனால் நிறுத்தற்குறிகளும் அடைப்புக்குறிகளும் ஏறத்தாழ எல்லாமே இடம் மாறிவிடும்: ஷிஃப்ட்டுடன் 7 அழுத்தினால் சாய்கோடு, 8-உம் 9-உம் வளைவு அடைப்புகள், 0 சமக்குறி. சதுர அடைப்புகளும் நெளிவு அடைப்புகளும் வலது ஆல்ட்டுடன் 7 முதல் 0 வரையுள்ள விசைகளுக்குப் போய்விடும். நிரல் எழுதுபவர்களுக்கு இது விரல்முறிக்கும் வேலை. ஜெர்மானிய நிரலாளர்களிலேயே பலர் அமெரிக்கப் பலகையை விரும்பி வாங்குவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது வழி, அமெரிக்க அமைப்பையே வைத்துக்கொண்டு, வலது ஆல்ட் விசையின் துணையோடு ஜெர்மன் எழுத்துகளை மட்டும் பெறுவது. லினக்ஸில் ஜெர்மன் பிரிவுக்குள் ‘ஜெர்மன் (யூஎஸ்)’ என்றொரு அமைப்பு இருக்கிறது. அதில் வலது ஆல்ட்டுடன் ஏ, ஓ, யூ, எஸ் ஆகியவற்றை அழுத்தினால் அந்தந்த எழுத்தின் ஜெர்மன் வடிவம் வந்துவிடும். யூர்கீ என்ற இலவச அமைப்பும் இதே முறையில் இயங்குகிறது. அது லினக்ஸில் ஏற்கெனவே உள்ளது, விண்டோஸில் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் உள்ளிருப்பாகக் கிடைக்கும் யூஎஸ்-இன்டர்நேஷனலில் வலது ஆல்ட்டுடன் கியூ அழுத்தினால் ஏ-உம்லாவுட், பி அழுத்தினால் ஓ-உம்லாவுட், ஒய் அழுத்தினால் யூ-உம்லாவுட், எஸ் அழுத்தினால் எஸ்ஸெட்; யூரோக் குறிக்கு 5. இந்த இடங்களில் எஸ் தவிர வேறு எதையும் ஊகித்து நினைவில் வைக்க முடியாது என்பதால், அனுமதி இருக்கும் கணினியில் யூர்கீயை நிறுவிக்கொள்வதே மேல். மேக் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை: ஆப்ஷனுடன் யூ அழுத்தி விட்டுவிட்டு ஏ, ஓ, யூ-வில் ஒன்றைத் தட்டினால் உம்லாவுட், ஆப்ஷனுடன் எஸ் தட்டினால் எஸ்ஸெட்.

நாளில் பாதியை ஜெர்மன் கடிதங்களிலும் மீதியை ஆங்கிலத்திலோ நிரலிலோ கழிப்பவருக்கு இரண்டாவது வழியே ஏற்றது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைத்தான் தவிர்க்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் சில அதிலிருந்து பிறப்பவை.

அறிகுறி: ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண் தட்டினால் எதுவும் நடப்பதில்லை

விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி 0228 தட்டினால் ஏ-உம்லாவுட், 0246 ஓ-உம்லாவுட், 0252 யூ-உம்லாவுட், 0223 எஸ்ஸெட். பெரிய எழுத்துகளுக்கு முறையே 0196, 0214, 0220. ஆனால் இந்த எண்களை வலப்பக்க எண் தொகுதியில்தான் தட்ட வேண்டும். மேல் வரிசை எண்களுக்கு இந்த ஆற்றல் இல்லை. மெக்கானிக்கல் பலகைகளில் பல எண் தொகுதி இல்லாத சிறிய வடிவங்கள் என்பதால் பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். ஃபர்ம்வேர் வழியாக ஓர் அடுக்கில் (ஒரு விசையைப் பிடித்திருக்கும்போது மட்டும் இயங்கும் மாற்று அமைப்பில்) எண் தொகுதியை அமைத்துக்கொள்ளலாம் என்றாலும், நான்கு எழுத்துக்காக அவ்வளவு பாடுபடுவது வீண். முந்தைய பகுதியில் சொன்ன வழிகளில் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: மேற்கோள் குறி உடனே வருவதில்லை, அல்லது அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது

யூஎஸ்-இன்டர்நேஷனலில் ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், அலைக்கோடு (~), கூரைக்குறி (^), சாய்ந்த உச்சரிப்புக் குறி (`) ஆகிய ஐந்தும் காத்திருப்பு விசைகள். அதாவது தாம் அழுத்தப்பட்டவுடன் எதையும் எழுதாமல், அடுத்து வரும் எழுத்தைப் பார்த்த பிறகே என்ன செய்வதென்று தீர்மானிப்பவை. இரட்டை மேற்கோளைத் தட்டி ஏ தட்டினால் ஏ-உம்லாவுட் வருவது இதனால்தான். மேற்கோள் மட்டும் வேண்டுமானால் அதன்பின் இடைவெளி விசையைத் தட்ட வேண்டும். நிரல் எழுதும்போது இது பொறுமையைச் சோதிக்கும். லினக்ஸில் ‘ஆல்ட்ஜிஆர் (அதாவது வலது ஆல்ட்) காத்திருப்பு விசைகளுடன்’ என்ற பொருள்பட அமைந்த சர்வதேச ஆங்கில அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வலது ஆல்ட் அழுத்தாதவரை மேற்கோள்கள் இயல்பாக இருக்கும். விண்டோஸில் யூர்கீயே மருந்து.

ஜெர்மன் அமைப்பிலும் இரண்டு காத்திருப்பு விசைகள் உள்ளன: 1-க்கு இடப்புறமுள்ள கூரைக்குறி, அமெரிக்கப் பலகையில் சமக்குறி அச்சிட்டிருக்கும் விசை. ஆங்கிலச் சொல்லில் வரும் ஒற்றை மேற்கோளுக்கு இந்த இரண்டாவது விசையைத் தட்டுவது ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர்களே செய்யும் தவறு. சரியான இடம், எண்டருக்கு மேலே பின்சாய்கோடு அச்சிட்டிருக்கும் விசையை ஷிஃப்ட்டுடன் அழுத்துவது.

அறிகுறி: இசட் தட்டினால் ஒய் வருகிறது, செய்ததை ரத்து செய்யும் (அன்டூ) குறுக்குவழி எதிராக வேலை செய்கிறது

ஜெர்மன் அமைப்பில் இவ்விரு எழுத்துகளும் இடம் மாறியிருக்கும். ஜெர்மனில் இசட், ஒய்-யைவிட மிகுதியாகப் புழங்கும் எழுத்து. ஒய் பெரும்பாலும் அயற்சொற்களில்தான் வரும். அதனால் இசட் மேல் வரிசைக்கு ஏறியிருக்கிறது. விண்டோஸில் குறுக்குவழிகள் எழுத்தைப் பின்தொடர்பவை என்பதால், இடது கீழ் மூலையிலுள்ள விசையைக் கன்ட்ரோலுடன் அழுத்தும்போது செய்ததை ரத்து செய்வதற்குப் பதிலாக, ரத்து செய்ததை மறுபடியும் செய்யும் கட்டளை போகும்.

இடமாற்றம் இருந்தும் உம்லாவுட் வரவில்லையென்றால் இயங்குதளத்தைக் குறை சொல்லாதீர்கள். பலகையின் ஃபர்ம்வேரில் யாரோ இவ்விரு விசைகளை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய பலகையைக் கைமாற்றாக வாங்கியவர்களுக்கு இது நேரும். பலகையின் ஃபர்ம்வேரை மாற்றியமைக்க உதவும் வியா போன்ற கருவியில் அதை இயல்புநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, இயங்குதளத்தில் ஜெர்மன் அமைப்பைச் சேருங்கள். ஃபர்ம்வேரிலும் இயங்குதளத்திலும் ஒரே மாற்றத்தை இருமுறை செய்தால் ஒன்றையொன்று அழித்து, எழுத்துகள் அமெரிக்க இடத்துக்கே திரும்பிவிடும்.

விசைத்தலைகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: செர்ரி, ஓஇஎம் போன்ற வடிவங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமும் சாய்வும் வேறு. மேல் வரிசைத் தலையைக் கீழ் வரிசையில் வைத்தால் பல் தூக்கியதுபோல் நிற்கும். டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ போன்ற சம உயர வடிவங்களில் மட்டும் இது அழகாக அமையும். ஐஎஸ்ஓ ஜெர்மன் விசைத்தலைத் தொகுப்பை வாங்கினாலும் அதன் உயர்ந்த எண்டரும் குறுகிய இடது ஷிஃப்ட்டும் அமெரிக்கப் பலகையில் பொருந்தா; ஆன்சி அளவுத் தலைகளும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: < > | ஆகிய குறிகள் எங்கேயும் இல்லை

இதுதான் உண்மையான உடல் குறை. ஜெர்மன் பலகையில் இந்த மூன்றும் இடது ஷிஃப்ட்டுக்கும் அதையடுத்த எழுத்துக்கும் நடுவிலுள்ள 105-ஆவது விசையில் இருக்கின்றன; செங்குத்துக் கோட்டுக்கு அதே விசையை வலது ஆல்ட்டுடன் அழுத்த வேண்டும். அமெரிக்கப் பலகையில் அந்த விசையே இல்லாததால், ஜெர்மன் அமைப்பைத் தேர்ந்தெடுத்த கணத்தில் மூன்றும் கைக்கெட்டாமல் போகின்றன. கடிதம் எழுதுபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் வேலை செய்பவரோ முதல் மணி நேரத்திலேயே திண்டாடுவார்.

பலகை கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் அல்லது வியா வழியாக அமைக்கத்தக்கதாக இருந்தால் தீர்வு சுத்தமானது. விசைக் குறியீடுகளின் பட்டியலில் ஐஎஸ்ஓ பிரிவின்கீழ் ‘நான்-யூஎஸ் பின்சாய்கோடு’ என்ற குறியீடு இருக்கும். வியாவில் அது என்யூபிஎஸ் என்று சுருக்கமாகத் தெரியும். யூஎஸ்பி தரத்தில் காணாமற்போன அந்த விசைக்கு உரிய எண் இதுதான். இதை அதிகம் பயன்படாத ஒரு விசைக்குக் கொடுத்துவிடுங்கள். கேப்ஸ் லாக் நல்ல தேர்வு. அல்லது எஃப்என் அடுக்கில் இசட் அச்சிட்டிருக்கும் விசை. இயங்குதளம் அங்கே உண்மையிலேயே 105-ஆவது விசை இருப்பதாகவே நம்பும். ஷிஃப்ட்டும் வலது ஆல்ட்டும் அதனுடன் வழக்கம்போல் சேரும். வியாவில் ‘உம்லாவுட்’ என்று தேடி ஏமாறுபவர்கள் உண்டு. முன்பே சொன்னபடி பலகைக்கு எழுத்து தெரியாது. இடம் மட்டுமே தெரியும்.

ஃபர்ம்வேரைத் தொட முடியாத பலகையானால், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் இலவசத் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸிலுள்ள விசை மேலாளரைக் கொண்டு ஏதேனும் ஒரு விசைச் சேர்க்கைக்கு இந்தக் குறிகளை ஒதுக்கலாம். எண் தொகுதி உள்ளவர்கள் அவசரத்துக்கு ஆல்ட்டுடன் 60, 62, 124 தட்டிக்கொள்ளலாம்.

மேக் கணினியில் நிலைமை தலைகீழ். அங்கே ஆன்சி பலகையென்று அடையாளம் காணப்பட்டால், 1-க்கு இடப்புறமுள்ள விசை < தரும், காணாமற்போவது கூரைக்குறி. ஐஎஸ்ஓ என்று அடையாளம் கண்டால் அதே விசை கூரைக்குறியைத் தரும். கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று பலகை வகையை மாற்றி, எந்தக் குறி உங்களுக்கு அதிகம் தேவையோ அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். உண்மையான ஐஎஸ்ஓ பலகையில் இவ்விரு விசைகளும் இடம் மாறிக் காட்சியளித்தாலும் காரணமும் தீர்வும் இவையே.

அறிகுறி: @, யூரோ, நெளிவு அடைப்பு எதுவும் வருவதில்லை, வலது ஆல்ட் வேறு எதையோ செய்கிறது

ஜெர்மன் அமைப்பில் @ குறிக்கு வலது ஆல்ட்டுடன் கியூ, யூரோவுக்கு ஈ, பின்சாய்கோட்டுக்கு எஸ்ஸெட் விசை. வலது ஆல்ட் செயலிழந்தால் இவை அத்தனையும் போய்விடும். சிறிய மெக்கானிக்கல் பலகைகளில் அந்த இடத்தில் எஃப்என் விசை இருக்கலாம், அல்லது பலகையின் பக்கவாட்டிலுள்ள மேக்–விண்டோஸ் சுவிட்ச் தவறான பக்கம் தள்ளப்பட்டிருக்கலாம். அழுத்தும்போது தொடக்கப் பட்டி திறந்தால் காரணம் பின்னதே. இரண்டும் இல்லையென்றால் ஃபர்ம்வேரில் வலது ஆல்ட்டை ஒரு விசைக்கு ஒதுக்குங்கள். இடது ஆல்ட்டை ஒதுக்கினால் பயனில்லை.

ஒரேயொரு குறி மட்டும் வராமல், அதுவும் குறிப்பிட்ட நிரல் திறந்திருக்கும்போது மட்டும் வராமலிருந்தால், விண்டோஸின் ஒரு பழைய வழக்கம் காரணமாக இருக்கும்: வலது ஆல்ட்டை அது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே கொள்கிறது. ஏதேனும் ஒரு நிரல் கன்ட்ரோல்–ஆல்ட்–ஈ என்ற குறுக்குவழியைத் தனக்கென எடுத்துக்கொண்டிருந்தால் யூரோக் குறி அதன் வாயில் போய்விடும். அந்த நிரலில் குறுக்குவழியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: உம்லாவுட் வருகிறது, எஸ்ஸெட் மட்டும் இல்லை, ஷிஃப்ட் அழுத்தினால் பிரெஞ்சு எழுத்து வருகிறது

தவறுதலாகச் சுவிட்சர்லாந்து ஜெர்மன் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்நாட்டில் எஸ்ஸெட் பயன்படுத்துவதில்லை. இரண்டு எஸ் எழுதுவார்கள். உம்லாவுட் விசைகளின் ஷிஃப்ட் நிலையில் பிரெஞ்சு எழுத்துகள் அமர்ந்திருக்கும். பட்டியலில் ‘ஜெர்மன் (ஜெர்மனி)’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மற்றதை நீக்கிவிடுங்கள்.

அறிகுறி: கேப்ஸ் லாக் போட்டால் எண்களும் மாறிவிடுகின்றன

விண்டோஸின் ஜெர்மன் அமைப்பில் கேப்ஸ் லாக், பழைய தட்டச்சுப் பொறியின் ஷிஃப்ட் பூட்டைப்போல் எண் வரிசையையும் பாதிக்கும். எஸ்ஸெட் விசை கேள்விக்குறியைத் தரும். எழுத்துகள் மட்டும் மாற வேண்டுமென்றால் ‘ஜெர்மன் (ஐபிஎம்)’ அமைப்புக்கு மாறுங்கள். பெரிய எஸ்ஸெட் 2017 ஜூன் 29 அன்று அதிகாரப்பூர்வ எழுத்திலக்கணத்தில் இடம்பெற்றது. அது தேவைப்படுவோர் விண்டோஸின் ஜெர்மன் அமைப்பில் ஷிஃப்ட், வலது ஆல்ட் இரண்டையும் பிடித்து எஸ்ஸெட் விசையைத் தட்டினால் கிடைக்கும்.

எண் தொகுதியில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வருவதும் கோளாறு அல்ல. ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்.

அறிகுறி: தட்டிக்கொண்டிருக்கும்போதே அமைப்பு தானாக மாறுகிறது

விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும். தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் என மூன்று அமைப்புகளை வைத்திருப்பவருக்கு இது கண்ணாமூச்சி விளையாட்டாகிவிடும். மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளில் உள்ளீட்டு மொழிக்கான குறுக்குவிசைகளைத் திறந்து இந்தச் சேர்க்கையை முடக்கிவிட்டு, விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வேலை செய்யவில்லையென்றால், பலகையிலுள்ள விளையாட்டு நிலை விண்டோஸ் விசையைப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி ஏற்க மறுக்கிறது

உள்நுழைவுத் திரைக்கென்று தனி அமைப்பு உண்டு. அது உங்கள் பயனர் கணக்கின் அமைப்பிலிருந்து வேறுபட்டிருக்கலாம். வட்டு மறைகுறியாக்கத்தின் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டத்திலோ இயங்குதளமே இன்னும் எழுந்திருக்காது. அங்கே அமெரிக்க அமைப்பு இயங்குவது சகஜம். இசட், ஒய், இடைக்கோடு, சிறப்புக் குறிகள் ஆகியவை கடவுச்சொல்லில் இருந்தால் எந்த அமைப்பில் அதை உருவாக்கினீர்களோ அந்த அமைப்பின் விசை இடங்களை நினைத்துத் தட்டிப் பாருங்கள். வட்டுக் கடவுச்சொல்லை எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்டதாக, அவ்விரு எழுத்துகளும் இல்லாததாக நீளமாக வைத்துக்கொள்வது நல்லது. மெய்நிகர் கணினிக்குள்ளும் இதே சிக்கல் எழும்; உள்ளேயிருக்கும் இயங்குதளத்திலும் அதே அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: ஒருமுறை தட்டினால் எழுத்து இருமுறை விழுகிறது

இது மொழியைச் சார்ந்ததல்ல. விசைக்கு அடியிலுள்ள சுவிட்சின் தொடுமுனை துள்ளுவதால் வருவது. ஆனால் ஜெர்மனில் இது கண்ணில் படாமல் நழுவும். ஓர் எஸ் உள்ள ‘டாஸ்’ என்பதும் இரண்டு எஸ் உள்ள ‘டாஸ்’ என்பதும் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி பேசாமலிருக்கும். சந்தேகப்படும் சுவிட்சை, கழற்றி மாற்றத்தக்க பலகையானால், வேறோர் இடத்தில் பொருத்திப் பாருங்கள். கோளாறு கூடவே போனால் சுவிட்சை மாற்றுங்கள், பழைய இடத்திலேயே நின்றால் சிக்கல் சுற்றுப்பலகையில். கியூஎம்கே ஃபர்ம்வேரில் துள்ளலைப் புறக்கணிக்கும் நேரம் இயல்பாக 5 மில்லிவினாடி. அதை 10 ஆக்கினால் தேய்ந்த சுவிட்சும் சிலகாலம் தாக்குப்பிடிக்கும்.

அறிகுறி: நீங்கள் தட்டியபோது சரியாக இருந்த உம்லாவுட், பெற்றவரின் திரையில் இரண்டு விநோத எழுத்துகளாகத் தெரிகிறது

பலகையையோ விசை அமைப்பையோ தொடாதீர்கள். யூடிஎஃப்-8 முறையில் உம்லாவுட் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பெறும் நிரல் அதைப் பழைய ஒற்றை பைட் குறிமுறையாகப் படித்தால் இரண்டு எழுத்துகளாக உடையும். கோப்பைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ குறிமுறையை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட வேண்டும். பெறும் நிரல் மிகப் பழையதாகி அதற்கும் வழியில்லையென்றால், உம்லாவுட்டுக்குப் பதிலாக அந்தந்த உயிரெழுத்தையடுத்து ஈ சேர்த்தும், எஸ்ஸெட்டுக்கு இரண்டு எஸ் இட்டும் எழுதலாம். ஜெர்மன் கடவுச்சீட்டின் கணினி படிக்கும் வரியிலும் பெயர்கள் அவ்வாறே அச்சாகின்றன. புள்ளிகளை வெறுமனே விட்டுவிட்டு எழுதக் கூடாது. அப்படி விடும்போது பல சொற்கள் வேறு சொற்களாகிவிடுகின்றன.